லொறிக்கு ஒரு திறப்பு விழா

எங்கட சொந்தக்காரப் பெடியன் சுகிர்தன்ர கலியாணத்தண்டுதான் நான் அந்தப் பெரிய முடிவை எடுத்தனான். இனி எங்கட வீட்டில திறப்பெல்லாம், சாவிக்கொத்து முழுக்க, என்ர கையில. ஆம்பிளையின்ர கையில.

முடிவெடுத்த இடம் கலியாண மண்டபத்துக் குசினி. ஏன் குசினி எண்டு கேக்கிறியள். வெக்கமாய்த்தான் இருக்குது, எண்டாலும் சொல்லுறன்.

நான் குலசிங்கம். ஐஸ் லொறிக் குலசிங்கம் எண்டால் துறைமுகப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ஐஸ் பக்டரியில கட்டி ஐஸ் ஏத்திக்கொண்டு போய்ச் சல்லி எண்ட ஊர்க் கரையில மீன்பிடி வள்ளக்காரருக்கு இறக்கிறது என்ர தொழில். அண்டைக்கும் இறக்கிப்போட்டு, சாரமும் நனைஞ்ச சேட்டுமாய் வீட்டை ஓடி வந்தன். என்ர மனுசி தயாளினி முதலே பட்டுச்சீலை உடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பொம்பிளையளோட போட்டா. என்ர வேட்டி அலுமாரிக்குள்ள. அலுமாரியை இழுத்தன், திறபடேல்லை. இன்னும் பலமாய் இழுத்தன். அலுமாரி முழுக்க அசைஞ்சுது, கதவு அசையேல்லை. போன் எடுத்தன். நாதஸ்வரம் ஊதுற இடத்தில போன் கேக்குமே? பூட்டிப்போட்டுத் திறப்பைக் கொண்டு போட்டா எண்டு விளங்கிட்டுது. தாலி கட்டுற நேரம் நெருங்குது. உடுத்த உடுப்போட போனன்.

வாசலில பன்னீர் தெளிக்கிற பிள்ளை என்னை ஏற இறங்கப் பாத்தா.

"ஐஸோ அங்கிள்? பின்பக்கமாய்க் கொண்டுபோய்க் குசினியில இறக்குங்கோ."

"பிள்ளை, நான் கலியாணத்துக்கு..."

"ஓம், கலியாணத்துக்குத்தான். சர்பத்துக்கு ஐஸ் காணாதாம். கெதியாய்ப் போங்கோ."

போனன். வேற என்ன செய்யிறது? சமையல்காரரோட சமையல்காரராய், கவிட்ட சோத்துக் கிடாரத்துக்கு மேல இருந்து சாப்பிட்டன். சன்னலால பாத்தால் என்ர மனுசி முன்வரிசைக் கதிரையில இருந்து அறுகரிசி போடுறா. நான் அப்பளம் பொரிக்கிற புகைக்குள்ள இருந்து பாத்துக்கொண்டிருக்கிறன். திருக்கோணமலைத் துறைமுகத்தில நிக்கிற கப்பல் எல்லாம் சேந்தாலும் என்ர மானம் ஏறக் காணாது.

வீட்டை வந்து கதிரையில நிமிந்து இருந்தன்.

"தயா, வீட்டுத் திறப்பெல்லாம் எடுத்துக்கொண்டு வாரும்."

"என்னத்துக்கு?"

"இனி என்னட்டத்தான் இருக்கும்."

"எல்லாமோ?"

"எல்லாம்."

"எல்லா வீட்டுத் திறப்புமோ?"

"ஓமப்பா! எல்லா வீட்டுத் திறப்பும்! ஒண்டும் விடக்கூடாது!"

சண்டை வரும் எண்டு நினைச்சு, சொல்ல வேண்டிய மறுமொழியெல்லாம் வரேக்கையே பாடமாக்கி வச்சிருந்தன். ஒண்டும் தேவைப்படேல்லை. அவ உள்ளுக்குப் போய், ஒரு பழைய பால்மாத் தகரப் பேணியை எடுத்து வந்து மேசையில கவிட்டா. கடகடவெண்டு கொட்டுண்டுது. இரும்புத் திறப்பு, பித்தளைத் திறப்பு, உள்ளங்கை நீளத்தில ஒண்டு, கறள் பிடிச்சது ஒண்டு.

"இவ்வளவு திறப்போ எங்கட வீட்டில?"

"நீங்கள் வீட்டில இருந்தால்தானே தெரியும்."

அப்பிடி லேசாய் முடிஞ்சுது. ஒரு ராச்சியத்தைப் பிடிச்ச மாதிரி இருந்தது எனக்கு.

துறைமுகத்தில கழிச்சுவிட்ட பித்தளை வளையம் ஒண்டு என்னட்ட இருந்தது. மாட்டின்ர கழுத்தில போடலாம், அவ்வளவு பெரிசு. அதில ஒரு குட்டி நங்கூரம் வேற. எல்லாத் திறப்பையும் அதில கோத்து, லொறித் திறப்போட சேத்துக் கொழுவினன். லொறியில திறப்பைப் போட்டால் கொத்து முழுக்கச் சுவிச்சில இருந்து கீழ தொங்கும். லொறி ஓட ஓடக் கிலுங் கிலுங் எண்டு ஆடும். எந்தப் பாட்டுக் கேட்டாலும் எனக்கு அந்தச் சந்தோசம் வந்ததில்லை.

அதுக்குப் பிறகு தயாளினி ஒரு நாள்கூட என்னட்டத் திறப்புக் கேக்கேல்லை. என்ன பணிவு! சாமான் அறை திறபடுது, சோறு வேகுது. அலுமாரிக்குள்ள இருந்து சீலை வருது. கேற் பூட்டுப்படுது, திறபடுது. திறப்பெல்லாம் லொறியில தொங்கேக்க இதெல்லாம் எப்பிடி நடக்குது எண்டு உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். எனக்கு வரேல்லை. வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்தக் கிழமைதான் லொறிக்கு வருத்தம் வந்தது.

என்ர லொறி என்னைவிட மூத்தது. பெற்றோல் லொறி. அப்பர் ஓட்டி, அவருக்குப் பிறகு நான் ஓட்டுறன். வயசுக்குரிய இருமல் தும்மல் இருக்கும், மற்றப்படி குணம் தங்கம். இப்ப என்னெண்டால், தார் றோட்டில நல்லாய் ஓடும். ஒரு குழியில விழுந்து எழும்பும். உடன எஞ்சின் மூச்சைப் பிடிச்ச மாதிரிச் சத்தமில்லாமல் போகும். நான் "ஐயோ" எண்டு சொல்லுறதுக்குள்ள, பின்னால சைலன்சரில டமார்! பிறகு ஒண்டுமே நடக்காத மாதிரி ஓடும். சில நேரம் வெடிச்சுப்போட்டு அப்பிடியே நிண்டுவிடும். பிறகு திறப்பைத் திருப்பினால் முதல் திருப்பிலயே ஸ்ராட் ஆகும்.

துறைமுக வாசலில வெடிச்சுது. சென்றியில நிண்ட நேவிக்காரன் லொறியை மறிச்சு, ஐஸ் கட்டி ஒவ்வொண்டாய்த் தட்டிப் பாத்தான். ஐஸுக்குள்ள என்ன இருக்கும்? தண்ணிதான். சல்லிக்குத் திரும்புற இடத்தில வெடிச்சுது. சைக்கிளில போன மனுசன் வேலிக்குள்ள போனார். கருவாடு காயப்போட்ட பொம்பிளையள் பாயை விட்டிட்டு ஓட, காகத்துக்கெல்லாம் அண்டைக்குக் கலியாணவீடு.

சல்லிக் கடற்றொழில் சங்கத் தலைவர் பாக்கியரத்தினம் அண்ணை என்னைக் கரையில வச்சுப் பிடிச்சார்.

"குலம், உன்ர லொறி வழியில நிண்டு நிண்டு வாறதுக்குள்ள பாதி ஐஸ் தண்ணியாய்ப் போகுது. அது போகட்டும். இந்த வெடியை எங்கட சனம் தாங்காது. இன்னொருக்கா இந்தக் கரையில வெடிச்சுதோ, ஐஸுக்கு வேற லொறி பிடிச்சிடுவம். கோவிக்காதை."

கோவிக்கிறதோ? கோவிக்க எனக்கு எங்கை வசதி? சல்லி ஐஸ் இல்லாட்டி என்ர லொறி இரும்புக்கடைக்குத்தான். நானும் அதோட பின்னால ஏறிப் போக வேண்டியதுதான்.

அதையும்விட ஒரு வெக்கம் இருக்குது. அடுத்தநாள் விடிய லொறியை வீட்டால எடுக்கேக்க, வாசல் தண்ணிக் கானுக்கு மேல ஏறி இறங்கினதும் டமார். திரும்பிப் பாத்தன். தயாளினி கதவு நிலைக்குக் கீழ, ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு குந்தியிருக்கிறா. கையில இருந்த தேத்தண்ணிக் கோப்பை உடைஞ்சு போச்சு. எனக்கும் தன்ர மாமியாருக்கும் பயப்பிடாத மனுசி. எங்கட ஊரில சண்டைக் காலம் கண்ட எங்கட வயசுக்காரருக்கு அந்தச் சத்தம் கேட்டால் கால் தன்பாட்டில மடியும். மூளைக்கு விளங்க முதலே மடியும். நான் இறங்கி ஓடிப்போய்த் தூக்கினன்.

"லொறியப்பா, லொறிதான்."

"தெரியும்," எண்டா. குனிஞ்சு உடைஞ்ச கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கினா. அண்டைக்கு முழுக்க எனக்கு ஐஸ் ஏத்த மனம் வரேல்லை. உண்மையாய் அழுகை வந்தது.

அண்டைக்கே வருத்தம் பாக்க வெளிக்கிட்டன். பிளக்கெல்லாம் கழட்டித் துடைச்சன். பொயின்ற் எண்டு ஒரு சின்னச் சாமான், அது தட்டித் தட்டித்தான் நெருப்புப் பொறி வரும். அதைத் தயாளினியின்ர நகம் ராவுற அரத்தால ராவினன்.

"என்ர அரத்தால என்ன செய்யிறியள்?"

"பொயின்ற் கறுத்துப் போச்சு. பத்துதில்லை."

"உங்களுக்கு எது பத்தினது?"

"இது பொறி பத்துறது! உமக்கு விளங்காது. பொயின்ற் சரியில்லாட்டி என்ன பேசினாலும் வேலையில்லை."

"அது எனக்குக் கலியாணம் கட்டின நாளில இருந்து விளங்குது. நீங்கள் கதைக்கிறதில ஒரு நாளும் பொயின்ற் இருந்ததில்லை."

அதோட லொறியைக் கிண்ணியாவுக்கு விட்டன், முத்தலிப் நானாவிட்ட. அப்பர் காலத்தில இருந்து இந்த லொறிக்கு அவர்தான் மெக்கானிக். திறப்பைத் தாங்க எண்டார். வீட்டுத் திறப்பெல்லாம் தொங்குது, அதைப் பிற ஆளிட்ட குடுப்பனோ? லொறித் திறப்பை மட்டும் கழட்டிக் குடுத்திட்டு, கொத்தைச் சாரத்து மடியில கட்டிக்கொண்டன்.

"அது என்ன தம்பி மடியில, நங்கூரம்?"

"வீட்டுத் திறப்பு நானா. இப்ப எல்லாம் என்ர பொறுப்பு."

"மாஷா அல்லாஹ்! எங்களுக்குச் சொல்லாமலே திறப்பு விழா வச்சிட்டீங்க!"

நானா லொறியை எடுத்து, கல்லும் கிடங்குமான ஒழுங்கையெல்லாம் ஓட்டினார். ஒரு தும்மல்கூட இல்லை. வேணுமெண்டு குழியில விட்டார். பச்சைப்பிள்ளை மாதிரி ஓடுது.

"லொறில ஒண்டுமில்ல தம்பி. உங்களுக்குத்தான் மனசில என்னமோ."

திறப்பை வாங்கிக் கொத்தில கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டன். கிண்ணியாப் பாலம் ஏறுற இடத்தில டமார். கடலுக்குள்ள தூண்டில் போட்டவன் தூண்டிலையும் விட்டிட்டு எழும்பி நிண்டான்.

திரும்பவும் கொண்டு போனன். கொத்து மடியில, லொறி தங்கம். திரும்பி வந்தன். கொத்து லொறியில, டமார். அண்டைக்கு நானா தலையைச் சொறிஞ்சுகொண்டு, யோசிச்சுச் சொல்லுறன் எண்டு அனுப்பிவிட்டார்.

பின்னேரம் நானா எங்கட வீட்டுக்குப் போன் எடுத்திருக்கிறார். தயாளினிதான் கதைச்சா. நான் முகம் கழுவிப்போட்டு வாறன்.

"முத்தலிப் நானா எடுத்தவர். எதுக்கும் கோயிலை மாத்திப் பாக்கட்டாம்."

"என்னது?"

"கோயிலை மாத்தட்டாம். இது சூடாகிப்போச்சாம்."

நான் யோசிச்சுப் பாத்தன். எங்கட ஒழுங்கைப் பிள்ளையாருக்குத்தான் லொறிக்குப் பூசை செய்யிறனான். போன வருசம் ஒரு தேங்காய் அழுகலாய்ப் போனதும் உண்மைதான். பிள்ளையார் சூடாகியிருக்கலாம். ஆனால் நானா ஏன் எங்கட கோயில் விசயத்துக்குள்ள வாறார்? மனுசன் நாலும் தெரிஞ்ச ஆள். ஏதோ தெரிஞ்சுதானே சொல்லியிருப்பார்.

"அப்ப எந்தக் கோயில்?"

"சல்லி அம்மனிட்டப் போவம்," எண்டா தயாளினி, மூச்சு விடாமல். "எத்தினை வருசமாய்க் கேக்கிறன், கூட்டிக்கொண்டு போறியளோ? நாளாந்தம் சல்லிக்குத்தானே போறியள்."

உண்மைதான். ஐஸ் லொறியில மனுசியை ஏத்தினால் மரியாதை இல்லை எண்டு நான் ஒரு நாளும் ஏத்தினதில்லை. அடுத்தநாள் ஏத்தினன். ஏறி இருந்ததும் கொத்தைப் பாத்தா.

"இதென்ன, என்ர முழங்காலில இடிச்சு இடிச்சு ஆடுது?"

சுவிச் எங்கட லொறியில நடுவுக்குள்ள இருக்குது. கொத்தைக் கையில ஏந்திப் பிடிச்சா. அப்பிடியே பிடிச்சுக்கொண்டு வந்தா. நிலாவெளி றோட்டு, சல்லி ஒழுங்கை, கரை மணல், ஒரு இடத்திலயும் வெடிக்கேல்லை. முத்துமாரி அம்மனுக்குத் தேங்காய் உடைச்சன், லொறிக்குத் தேசிக்காய் கட்டினன். திரும்பி வரேக்கையும் சத்தம் இல்லை. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. உடன நானாவுக்குப் போன்.

"நானா, சொன்ன மாதிரிக் கோயிலை மாத்திட்டன்! வெடி நிண்டிட்டுது!"

"பாத்தீங்களா? நான் செல்லல்லியா? புதுசா போட்டீங்க?"

"இல்லை நானா, பழசு. சரியான பழசு."

"பழசு போடாதீங்க தம்பி! பழசெல்லாம் கொஞ்ச நாளில பவர் போயிரும்."

"ஐயையோ, அப்பிடிச் சொல்லாதேங்கோ நானா! நல்ல சக்தி."

"எங்க எடுத்தீங்க?"

"சல்லியில. கடக்கரையோட."

"கடக்கரையோடயா? உப்புப் பிடிச்சிருக்கும். கழட்டி எறிஞ்சிட்டுப் புதுசு ஒண்டு வாங்குங்க."

"நானா! வாயைக் கழுவுங்கோ!"

கன நேரம் எடுத்தது விளங்க. லொறியில பொறிக்குக் கரண்ட் குடுக்கிற கொயில். அதை மாத்தச் சொல்லியிருக்கிறார் மனுசன். நானா போனிலயே விழுந்து விழுந்து சிரிக்கிறார். நான் தயாளினியைப் பாத்தன்.

"கொயில் எண்டுதானே சொன்னவர்?"

"நானும் அதைத்தானே சொன்னனான். கோயில்."

பிழையாய்க் கேட்டாவோ, வேணுமெண்டு சொன்னாவோ, இண்டுவரைக்கும் எனக்குத் தெரியாது. முகத்தில ஒண்டும் தெரியேல்லை.

வெக்கத்தோட புதுக் கொயில் போட்டன். அடுத்தநாள் தனியப் போனன். போகேக்கை நல்லாய்த்தான் போச்சு. ஐஸ் இறக்கிப்போட்டுத் திரும்பி வரேக்கை, நிலாவெளி றோட்டில டமார். நல்லகாலம், பாக்கியரத்தினம் அண்ணையின்ர காதுக்கு எட்டாத தூரம். லொறியை ஓரங்கட்டிப்போட்டு முறையாய் ஆராய்ஞ்சன். கொயிலும் மாத்தியாச்சு, கோயிலும் மாத்தியாச்சு. நேற்று இருந்து இண்டைக்கு இல்லாதது என்ன? மனுசி. அம்மன் எனக்காக இரங்கேல்லை, அவவுக்காகத்தான் இரங்கியிருக்கிறா!

வீட்டை போய்க் கெஞ்சினன்.

"தயா, நாளைக்கும் வாருமன்."

"எனக்குக் கோடி வேலை கிடக்குது."

"கொஞ்சம் வாருமப்பா. உம்மட ராசி. சல்லி ஐஸ் போச்செண்டால் எங்களுக்கு அடுப்பு எரியாது."

வந்தா. அண்டையில இருந்து தினமும் வந்தா. கொத்தை மடியில வச்சுக்கொண்டு, அம்மனைக் கும்பிட்டு, கரையில வள்ளத்தால இறங்கின மீனில நல்லதாய்ப் பாத்து வாங்கிக்கொண்டு, முன்சீற்றில மகாராணி மாதிரி வருவா. வெடி இல்லை. பாக்கியரத்தினம் அண்ணைகூட முதுகில தட்டினார். நான் பெருமையாய்ச் சொன்னன், "கொயில் மாத்தினனான் அண்ணை." அவ பக்கத்தில இருந்து மடியில கிடந்த கொத்தைத் தடவினா.

கடைசியாய் ஒரு நாள் விடிய, அவ மாவிடிச்சுக்கொண்டிருந்தா.

"இண்டைக்கு ஏலாது. நீங்கள் போங்கோ."

"ஐயோ தயா, இண்டைக்குக் கரை முழுக்கச் சனம். இண்டைக்கு வெடிச்சால் என்ர கதை முடிஞ்சுது!"

"வெடிக்காது. அந்தக் கொத்தைக் கழட்டி என்னட்டத் தந்திட்டுப் போங்கோ."

ஓகோ. எனக்கு உடன பொறி தட்டிச்சுது. லொறிக்குத் தட்டாத பொறி எனக்குத் தட்டிச்சுது. இதுக்குத்தானே இவ்வளவு நாளும் அடிபோட்டது! திறப்பைத் திருப்பி வாங்க!

"அது மட்டும் நடக்காது," எண்டன்.

"உங்கட விருப்பம்."

போனன். மெள்ள மெள்ள, குழி குழியாய் விலத்திப் போனன். சல்லி ஒழுங்கை தாண்டினன். கரை தெரியுது. வள்ளம் எல்லாம் கரைக்கு வந்திட்டுது. சனம், மீன், வலை, சைக்கிள். பாக்கியரத்தினம் அண்ணை கை காட்டுறார். கடைசி மணல் மேடு ஒண்டு. ஏறினன். இறங்கினன். கொத்து ஒருக்கா எழும்பித் தொப்பெண்டு விழுந்தது.

டமார்! அதோட நிக்கேல்லை. டமார், டமார்!

கரையில ஒரு தலை தெரியேல்லை. அவ்வளவு சனமும் மணலில முகம் குப்புறக் கிடக்குது. ஆர் சொல்லிக்குடுத்தது? ஆரும் இல்லை. பாக்கியரத்தினம் அண்ணை மீன்பெட்டிக்குப் பின்னால. நான் எங்கை? ஸ்ரேறிங்குக்குக் கீழ. என்ர லொறியின்ர சத்தத்துக்கு நானே விழுந்து கிடக்கிறன்.

எல்லாரும் மெள்ள எழும்பினம். மணலைத் தட்டினம். ஒருத்தரும் திட்டேல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பன்.

"குலம்," எண்டார் பாக்கியரத்தினம் அண்ணை, "ஐஸை இறக்கிப்போட்டுப் போ. நாளைக்கு வர வேண்டாம்."

"அண்ணை, ஒரே ஒரு நிமிசம். மனுசியோட ஒருக்காக் கதைச்சிட்டு..."

போன் எடுத்த அவசரத்தில ஸ்பீக்கரை எப்ப அமத்தினனோ தெரியாது. கரை முழுக்கக் கேக்குது.

"வெடிச்சிட்டுதோ?" எண்டா.

"ஓம்."

"இஞ்சாருங்கோ, கேக்கிறதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ. நானாவிட்டக் குடுத்தால் வெடிச்சதோ?"

"இல்லை."

"நான் வந்தால் வெடிச்சதோ?"

"இல்லை."

"நானாவிட்டப் போகேக்க அந்தக் கொத்தை என்ன செய்தனீங்கள்?"

"கழட்டி... மடியில கட்டினனான்."

"நான் வரேக்க கொத்தை என்ன செய்தனான்?"

"கையில ஏந்திப்..."

சுத்தி நிண்ட சனத்துக்கு என்னைவிட முதல் விளங்கிட்டுது. மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவர் கத்தியைக் கீழ வச்சிட்டார்.

"லொறிக்கு வயசு போட்டுது. திறப்புப் போடுற ஓட்டை தேஞ்சு போச்சு," எண்டு அவ சொல்லிக்கொண்டு போறா. "குழியில விழேக்க அந்தப் பாரம் திறப்பை இழுத்துத் திருப்பிப் பொறியை நூத்து அணைச்சுப்போடுது. எஞ்சின் பாட்டுக்குப் பெற்றோலைக் குடிச்சுக்கொண்டு ஓடுது. பிறகு கொத்து ஆடித் திறப்புப் பழைய இடத்துக்கு வர, திரும்பப் பத்துது. காஸ் அடுப்பைத் திறந்து விட்டிட்டுப் பிந்தி நெருப்பு வச்சால் டப் எண்டு அடிக்கிறேல்லையே? அதுதான். கொத்தைக் கழட்டிப்போட்டு ஓட்டுங்கோ. காய் நறுக்கிறன், வைக்கிறன்."

கழட்டினன். அவ்வளவு சனமும் பாக்கக் கழட்டினன். பாக்கியரத்தினம் அண்ணை பக்கத்தில ஏறி இருந்தார். அந்த மணல் மேட்டில ஏறி இறங்கினன். திரும்ப ஏறி இறங்கினன். லொறி பூனை மாதிரிப் போகுது. கரையில கைதட்டு.

"நாளைக்கும் ஐஸைக் கொண்டு வா," எண்டார் அண்ணை இறங்கேக்க. "ஆனால் குலம், இனி ஐஸ் விசயம் ஏதும் எண்டால் உன்ர மனுசியின்ர நம்பரைத் தா. நான் அவவோட கதைக்கிறன்."

குடுத்தன். என்ன செய்யிறது.

வீட்டை வந்து, பேசாமல் கொத்தைத் தயாளினியின்ர கையில வச்சன். தோல்விதான். ஒத்துக்கொள்ளுறன்.

"எப்ப கண்டுபிடிச்சனீர்?"

"முதல் நாள் கையில பிடிக்கேக்கையே."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் கூட்டிக்கொண்டு போயிருப்பியளோ சல்லிக்கு?"

அம்மனுக்கு ஒரு பூசை செய்யோணும் போல இருந்தது. வேட்டி எடுத்துத் தாரும், அலுமாரியைத் திறவும் எண்டன். நீங்களே திறவுங்கோ எண்டு கொத்தைத் திருப்பித் தந்தா. போய் ஒவ்வொண்டாய்ப் போட்டுப் பாத்தன். ஒண்டும் உள்ளுக்குப் போகுதில்லை.

"இதில எது தயா அலுமாரித் திறப்பு?"

அவ வந்து பக்கத்தில நிண்டா. ஒவ்வொரு திறப்பாய்த் தொட்டா.

"இந்த நீளமானது திரியாயில எங்கட வீடு. இது இறக்கக்கண்டியில வாடகைக்கு இருந்தது, கடல் கொண்டு போனது. இது சண்டைக்குள்ள நாங்கள் ஓடேக்க பூட்டிப்போட்டு ஓடினது. திரும்பி வரேக்க கதவே இல்லை, திறப்பு மட்டும் கிடந்தது. நீங்கள் கேட்டியளே, எல்லா வீட்டுத் திறப்பும் வேணும் எண்டு. இந்த வீட்டுத் திறப்பைக் கேட்டனீங்களே?"

எனக்கு முகத்தை எங்கை வைக்கிறது எண்டு தெரியேல்லை. நாங்கள் விட்டிட்டு ஓடின வீடெல்லாத்தையும் தொங்கவிட்டுக்கொண்டு, கிலுங் கிலுங் எண்டு ஊர் சுத்தியிருக்கிறன், வீட்டுக்காரன் நான் எண்டு. கொத்தைக் கழுவித் துடைச்சு, திரும்ப அந்தப் பால்மாப் பேணிக்குள்ள நானே போட்டன். அவ பேணியின்ர மூடியை எடுத்துத் தந்தா.

"சரி," எண்டன். "அப்ப இந்த அலுமாரித் திறப்பு எங்கை?"

தயாளினி கைப்பிடியில ஒரு விரலை வச்சா. கதவு திறந்திட்டுது.

"இதுக்கு எப்பவப்பா பூட்டு இருந்தது? கொஞ்சம் தூக்கி இழுக்கோணும்."